‘ஆயுதக் கப்பல்’ என்னும் தொகைச்சொல்: சீமேன் கார்டு ஓகியோ வழக்கின் பெயரீடும் படைக்கலச் சட்டமும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடற்பரப்பில் பிடிக்கப்பட்ட ‘சீமேன் கார்டு ஓகியோ’ என்னும் கப்பலைத் தமிழ் இதழியல் ‘ஆயுதக் கப்பல்’ எனப் பெயரிட்டது. இப்பெயர், நான்கு ஆண்டுகள் நீதிமன்றங்களில் வழக்காடப்பட்ட ஒரு வினாவுக்கு வழக்குத் தொடங்கும் முன்னரே விடை சொல்லிவிட்டது. தமிழ் இலக்கணத்தின் தொகைக் கோட்பாட்டையும் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பாகுபாட்டையும் கருவியாகக் கொண்டு அப்பெயரையும், 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகளையும், இதே வழக்குக்குப் பிற நாடுகளில் வழங்கிய பெயர்களையும் இக்கட்டுரை ஒருங்கு வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: படைக்கலச் சட்டம், உரிமம், தொகைநிலை, கிழமைப் பொருள், கடற்கொள்ளை, இதழியல் தமிழ், தூத்துக்குடி, திருப்பூர்.

கோடும் துறைமுகமும்

திருப்பூரில் பின்னப்பட்டு, சாயமேற்றப்பட்டு, தைக்கப்பட்டுப் பெட்டியில் அடையும் பனியன் துணி தன் பயணத்தில் பாதியைக்கூட நிலத்தில் கழிப்பதில்லை. லாரியில் தூத்துக்குடி செல்லும் கன்டெய்னர் சிறு கப்பலில் கொழும்பை அடைந்து, பெருங்கப்பலுக்கு மாறி, அரபிக்கடலையும் ஏடன் வளைகுடாவையும் செங்கடலையும் கடந்து ஐரோப்பியத் துறைமுகங்களை எட்டுகிறது. திருப்பூரைப் பற்றிய தமிழ்ப் புனைவுகள் நொய்யலின் ஓட்டத்தைத் தொடர்ந்து சென்றிருக்கின்றன. சாயக்கழிவைப் பொருளாகக் கொண்ட சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ அதற்கு நல்ல சான்று. ஆனால் ஆலைவாயிலைத் தாண்டிச் சென்ற கன்டெய்னரை அவை பெரும்பாலும் பின்தொடரவில்லை. ஊரின் கூலியும் கடனும் அந்தக் கடல்வழியில்தான் தீர்மானமாகின்றன என்பதை 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது திருப்பூர் மீண்டும் அறிந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்த கப்பல்கள் ஏறத்தாழ இரு வாரம் காலந்தாழ்ந்தன.

அதற்கு முன்னர் இதே வழியில் நேர்ந்த இடர் சோமாலியக் கடற்கொள்ளை. 2008 முதல் 2011 வரை அது உச்சத்தில் இருந்தது. கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் கூடி ‘உயர் இடர்ப் பகுதி’ என ஒரு கடற்பரப்பை வகுத்தனர். 2010இல் அதன் கிழக்கெல்லை கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைவரை நகர்த்தப்பட்டது. தூத்துக்குடி நிற்பது ஏறத்தாழ 78.1 பாகையில். எந்த அரசும் சட்டமியற்றி வரையாத, வணிகர் வரைந்த கோடு ஒன்று துறைமுகத்தின் வாசலை உரசியபடி விழுந்தது. கோட்டுக்கு மேற்கே செல்லும் வணிகக் கப்பல்களில் தனியார் ஆயுதக் காவலர் ஏறினர். கோட்டைத் தாண்டிக் கிழக்கே வந்ததும் இறங்கினர். இறங்கியவர் அடுத்த கப்பல் வரும்வரை எங்கே தங்குவது, அவர்தம் துப்பாக்கிகளை எங்கே வைப்பது என்பவை எந்த நாட்டின் உரிமச் சட்டமும் முன்கூட்டி எண்ணிப் பாராத வினாக்கள். துறைமுகத்தில் இறங்கினால் அந்நாட்டின் இறக்குமதி விதி குறுக்கிடும். ஆகவே நிறுவனங்கள் அவர்களைக் கடலிலேயே, சிறு கப்பல்களில் தங்கவைத்தன. சீமேன் கார்டு ஓகியோ அத்தகைய கப்பல்களுள் ஒன்று.

வழக்கின் போக்கு

அமெரிக்காவின் வர்ஜீனியாவைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்போர்ட் என்னும் கடற்பாதுகாப்பு நிறுவனத்துக்குரிய அக்கப்பல் சியெரா லியோன் நாட்டுக் கொடியைத் தாங்கியிருந்தது. 2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை அதனைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பலில் பணியாளர் 10 பேரும் காவலர் 25 பேரும் இருந்தனர். நாட்டுவகையால் எஸ்தோனியர் 14, இந்தியர் 12, பிரித்தானியர் 6, உக்ரேனியர் 3. துப்பாக்கிகள் 35, தோட்டாக்கள் 5,600க்கும் மேல். உரிய இந்திய ஆவணம் இல்லை என்பதும், மீன்பிடிப் படகொன்றின் வழியே 1,500 லிட்டர் டீசல் முறைகேடாக வாங்கப்பட்டது என்பதும் குற்றச்சாட்டின் இரு கால்கள். அக்டோபர் 18 அன்று பெரும்பாலோர் கைதாயினர். வழக்கு கியூ பிரிவுக்கு மாறியது.

2014 மார்ச்சில் பிணை கிடைத்தது. ஆயினும் அயல்நாட்டவர் நாடு திரும்ப இயலவில்லை. அவ்வாண்டு ஜூலை 10 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை படைக்கலச் சட்டக் குற்றச்சாட்டுகளை நீக்கியது. எரிபொருள் குறித்த குற்றச்சாட்டு நீடித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2015 ஜூலை 1 அன்று உச்சநீதிமன்றம் அந்த நீக்கத்தை விலக்கி, விசாரணையை ஆறு திங்களுக்குள் முடிக்கப் பணித்தது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி அமர்வு நீதிமன்றம் முப்பத்தைவருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. ஒரே செய்தித்தொகுதி நான்கு ஆண்டுகளில் நான்கு முறை நான்கு வகையாகப் படிக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கிகளின் எண்ணிக்கையோ கப்பலில் இருந்தோரின் எண்ணிக்கையோ ஒருமுறையும் மாறவில்லை. மாறியது, துப்பாக்கிக்கும் கப்பலுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை எச்சொல்லால் குறிப்பது என்பதே.

தொகையில் மறைந்த உருபு

தமிழ் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அக்கப்பலை ‘ஆயுதக் கப்பல்’ என்றும் ‘அமெரிக்க ஆயுதக் கப்பல்’ என்றும் வழங்கின. ‘அமெரிக்க’ என்னும் அடை உரிமையாளரை நோக்கின் பொருந்தும்; கொடியை நோக்கின் பொருந்தாது; முப்பத்தைவருள் அமெரிக்கர் ஒருவரும் இல்லை. அதைவிட நுணுகிக் காணத்தக்கது ‘ஆயுதக் கப்பல்’ என்னும் தொகை.

தொகைச்சொல்லில் உருபும் பொருளுணர்த்தும் சொல்லும் மறைந்து நிற்கும். தேர்ப்பாகன் என்னுமிடத்துத் தேரை ஓட்டும் பாகன் என விரிப்பதில் எவருக்கும் ஐயமில்லை. வழக்கு அதனை உறுதிசெய்துவிட்டது. ஆனால் எல்லாத் தொகைக்கும் அவ்வுறுதி இல்லை. ஒரு தொகை இரண்டு முதல் ஏழுவரையான பொருள்களில் மயங்குதற்கு இடமுண்டு என நன்னூலார் கொள்வது இங்கு நினைக்கத்தக்கது. ‘ஆயுதக் கப்பல்’ என்பதை ‘ஆயுதத்தை ஏற்றிய கப்பல்’ என விரித்தால் ஆயுதம் சரக்கு. கப்பல் கடத்தலுக்குரிய ஊர்தி. ‘ஆயுதத்தால் காக்கும் கப்பல்’ என விரித்தால் ஆயுதம் கருவி. கப்பல் காவல் செய்வது. ‘ஆயுதத்திற்கான கப்பல்’ எனில் அது மிதக்கும் கிடங்கு. ‘ஆயுதத்தையுடைய கப்பல்’ எனில் உடைமை மட்டும் புலப்படும், நோக்கம் புலப்படாது. இந்நான்கில் எது மெய் என்பதே வழக்கு. செய்தித் தமிழில் இத்தொகையைக் கேட்ட வாசகர் எவ்விரிவைக் கொண்டிருப்பர் என்பதை ஊகிப்பது அரிதன்று. மணல் லாரி, அரிசி மூட்டை, சரக்குக் கப்பல் என முன்மொழி நிறைபொருளைக் குறிக்கும் தொகைகளோடு பழகிய செவிக்கு ‘ஆயுதக் கப்பல்’ சரக்காகவே ஒலிக்கும். போதாக்குறைக்கு, முப்பதாண்டு ஈழப்போர்ச் செய்திகளில் ஆயுதம் ஏற்றிவந்த கப்பல்களைப் பற்றிப் படித்த தமிழ் வாசகருக்கு அச்சொல் புதிதும் அன்று. பழைய செய்தியின் நிழல் புதிய செய்தியின் மேல் விழுந்தது.

இதழாளர் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் என்பதன்று இங்குக் கூறவருவது. தலைப்பில் இடம் குறைவு, தொகை குறுகியது, குறுகிய சொல் வெல்லும். ஆயினும் ‘ஆயுதங்களுடன் பிடிபட்ட கப்பல்’ என்பது பெரிதும் நீண்ட தொடரன்று. அதில் ‘உடன்’ என்னும் சொல் உறவை வெளிப்படையாக்கி, மேற்கொண்டு முடிவுசெய்யாமல் நிற்கிறது. சில செய்திகளின் உள்ளுரையில் அவ்வகைத் தொடர்கள் வந்திருக்கலாம். நினைவில் நிலைத்தது தலைப்பின் தொகையே.

‘கப்பலது படைக்கலம்’

சட்டத்தின் பக்கம் திரும்பினால் அங்கும் வினா ஆறாம் வேற்றுமையில் வந்து நிற்கிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி பெறுதலையும் வைத்திருத்தலையும் தடுக்கிறது. 7ஆம் பிரிவு தடைசெய்யப்பட்ட படைக்கலங்களைப் பற்றியது. 10ஆம் பிரிவு இறக்குமதி, ஏற்றுமதிக்கு உரிமம் கோருகிறது. இவற்றுக்கெல்லாம் புறனடையாக 45ஆம் பிரிவின் முதற்கூறு, கடலோடும் கப்பலில் அதன் வழக்கமான படைக்கலமாகவோ உபகரணமாகவோ அமைந்தவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. எதிர்த்தரப்பு இக்கூறைப் பற்றி நின்றது.

இப்புறனடை 1959இல் பிறந்ததன்று. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடக்கப்பிரிவிலேயே ஏறத்தாழ இதே சொற்களில் இருந்தது. விடுதலைக்குப் பின்னரும் அப்படியே எடுத்தாளப்பட்டது. வணிகக் கப்பல்களும் தற்காப்புக்குப் பீரங்கி பூட்டிச் செல்வது மக்கள் நினைவிலிருந்து மறையாத காலத்துக்குரிய வாசகம் அது. பீரங்கி கப்பலின் உறுப்பு, பலகையோடு பிணைக்கப்பட்டது, கப்பல் விற்கப்பட்டால் உடன் விற்கப்படுவது. கையில் எடுத்து, தோளில் மாட்டி, ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் காவலரின் துப்பாக்கி அத்தகையதன்று. அதனைக் ‘கப்பலது படைக்கலம்’ எனலாமா?

தமிழ் இலக்கணிகள் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை இரண்டாகப் பகுத்தனர். சாத்தனது கை என்பது தற்கிழமை, பிரிக்கலாகாத உறவு. சாத்தனது ஆடை என்பது பிறிதின்கிழமை, பிரிக்கக்கூடிய உறவு. இப்பாகுபாட்டைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் முரண் தெளிவாகிறது. ‘வழக்கமான படைக்கலம்’ என்பதைத் தற்கிழமையாகக் கொண்டால் ஓகியோவின் துப்பாக்கிகள் புறனடைக்குள் வாரா. ‘உபகரணம்’ என்பதைப் பிறிதின்கிழமையாகக் கொண்டால், காவல் செய்வதற்கென்றே இயங்கும் கப்பலுக்குக் காவலரின் துப்பாக்கி, மீன்பிடிப் படகுக்கு வலைபோல உபகரணமே. 2014இல் உயர்நீதிமன்றம் கடப்புரிமையையும் கப்பலின் நெருக்கடியையும் எதிர்த்தரப்புக்குச் சார்பாகக் கொண்டு குற்றச்சாட்டுகளை நீக்கியது. 2015இல் உச்சநீதிமன்றம், புறனடை பொருந்துமா என்பது சான்றுகளைக் கொண்டு விசாரணையில் தெளிய வேண்டியது என்றது. சட்ட முறைமை நோக்கின் உச்சநீதிமன்றத்தின் நிலை குறைகூறத்தக்கதன்று. சொல்லின் பொருள் பொருளின் பயன்பாட்டைச் சார்ந்திருக்கும்போது சான்று வேண்டும்தான். ஆனால் 1878இன் சொல்லை 2013இன் பொருளுக்குப் பொருத்தும் சுமையை முப்பத்தைந்து பேரின் சிறைக்காலத்தின் மீது ஏற்றியது நாடாளுமன்றத்தின் வாளாவிருத்தலே. இந்தியக் கப்பல்கள் ஆயுதக் காவலரை அமர்த்திக்கொள்ளலாம் எனக் கப்பல்துறைத் தலைமை இயக்ககம் 2011 ஆகஸ்டிலேயே வழிகாட்டு நெறி வெளியிட்டிருந்தது. அதே தொழிலைச் செய்யும் அயற்கப்பல் இந்தியக் கடலுக்குள் வந்தால் என்ன செய்வது என்பதைப் படைக்கலச் சட்டத்தில் எழுதிவைக்க எவரும் முற்படவில்லை.

கடலெல்லை குறித்த வாதமும் உடனிருந்தது. கப்பல் 12 கடல் மைலுக்குள் இருந்தது என்பது அரசுத்தரப்பு. நிறுவனம் அதனை மறுத்தது. எல்லைக்குள்ளும் அயற்கப்பலுக்குத் தீங்கற்ற கடப்புரிமை உண்டு என்பதை 1976ஆம் ஆண்டுக் கடற்பரப்புச் சட்டமும், 1995இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையும் கூறுகின்றன. கடப்பு என்பது இடையறாது செல்வது. பேரிடரிலோ நெருக்கடியிலோ மட்டுமே நிற்கலாம். அக்டோபர் 12 அன்றுதான் பைலின் புயல் ஒடிசாவில் கரைகடந்தது. நிற்றல் நெருக்கடியாலா, தொழிலாலா என்பது அடுத்த வினா. உடன்படிக்கை ஆயுதப் பயிற்சியைத் தீங்கென எண்ணுகிறது. ஆயுதம் வைத்திருத்தலை அப்பட்டியலில் பெயர் சுட்டிச் சேர்க்கவில்லை. இந்நுட்பம் தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறாமல் போனது இழப்பே.

வேட்டையாடியும் மாலுமியும்

படைக்கலச் சட்டத்தில் அயல்நாட்டுச் சட்டத்தை மதித்துப் பேசும் இடம் ஒன்றுண்டு. 10ஆம் பிரிவின்படி, மைய அரசு அறிவிக்கும் நாட்டைச் சேர்ந்த மெய்யான சுற்றுலாப்பயணி, தன் நாட்டுச் சட்டம் தனக்குத் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கவில்லையெனில், விளையாட்டு நோக்கத்துக்கென அளவான எண்ணிக்கையில் துப்பாக்கியும் தோட்டாவும் உரிமமின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். 1959இல் அந்த ‘விளையாட்டு’ என்பதன் பெரும்பகுதி புலிவேட்டையும் பறவைவேட்டையும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொடரின் உள்ளீடு பெரிதும் வற்றிவிட்டது, தொடர் நிற்கிறது. பொழுதுபோக்குக்காக வரும் அயலாரின் நாட்டு உரிமத்தை ஏற்கும் சட்டம், பிழைப்புக்காகக் கடலில் நிற்கும் அயலாரின் நாட்டு உரிமத்தை ஏற்க வழி வைக்கவில்லை. சட்டத்தின் உள்ளத்தில் இருந்த அயலார் யார் என்பதை இது காட்டிவிடுகிறது. அவர் செல்வர், விருந்தினர், அரசினர் மாளிகையில் தங்குபவர். உடுமலைப்பேட்டை மலையடிவாரத்து உழவருக்கு அதே சட்டம் 13ஆம் பிரிவில் பயிர்க் காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதையும், தேர்தல்தோறும் உரிமத் துப்பாக்கிகள் காவல்நிலையத்தில் ஒப்படைக்கப்படுவதையும் இதனோடு வைத்துக் காணலாம்.

நாடுகளின் விதிகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதற்கு இக்கப்பலே போதிய சான்று. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைத் துப்பாக்கி அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கடையில் வாங்கத்தக்கது. பிரித்தானியாவில் அவ்வகை நெடுந்துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை 1988இல் குடிமக்களுக்கு விலக்கப்பட்டன. ஆயினும் கடற்கொள்ளைத் தடுப்புக்கு அவற்றைக் கடலில் கையாளும் நிறுவனங்களுக்கு அந்நாட்டரசே வணிக உரிமம் வழங்குகிறது. இந்தியாவில் ஒரு சாதாரணக் குடிமகன் அதற்கு உரிமம் பெறுவது இயலாததற்கு அடுத்த நிலை. ஆக ஒரே இரும்பு, ஒரு கடல் மைலுக்கு அப்பால் கருவி, இப்பால் குற்றம். ‘துப்பாக்கி’ என்னும் சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்தது என்கிறது தமிழ்ப் பேரகராதி. சொல் எல்லை கடக்க உரிமம் வேண்டுவதில்லை.

இக்கடற்கரை இவ்வகை எல்லைச் சிக்கலை முதன்முறை கண்டதன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அது பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான புதுச்சேரி வழியே வந்ததாக ஆய்வாளர் பலர் கருதுவர். 1878ஆம் ஆண்டுச் சட்டம் புதுச்சேரி எல்லையில் நின்றுவிட்டது, துப்பாக்கி நிற்கவில்லை. இவ்விரு நிகழ்வையும் ஒப்பாக்குவது பிழை. நோக்கமும் காலமும் வேறு. ஆனால் உரிமச் சட்டம் என்பது எல்லையளவே வலிமையுடையது என்பதை இரண்டும் ஒரே நெல்லைச்சீமையில் காட்டியிருக்கின்றன.

மூன்று மொழி, மூன்று பெயர்

தமிழில் ‘ஆயுதக் கப்பல்’ ஆன இந்நிகழ்வு பிரித்தானிய இதழ்களில் ‘சென்னை அறுவர்’ ஆயிற்று. நிகழ்வு தூத்துக்குடியில், விசாரணை தூத்துக்குடியில், சிறைப்பட்டிருந்த புழல் மட்டுமே சென்னையைச் சேர்ந்தது. அப்பெயரில் துப்பாக்கி இல்லை, கப்பல் இல்லை, எஞ்சிய இருபத்தொன்பது பேரும் இல்லை. எஸ்தோனிய இதழ்கள் தம் பதினால்வரைக் ‘கப்பல் காவலர்’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்தன. தமிழ்ப்பெயர் பொருளை நோக்கியது. ஆங்கிலப்பெயர் ஆட்களை எண்ணியது. எஸ்தோனியப் பெயர் தொழிலைச் சொன்னது. மூன்றும் தத்தம் வாசகருக்கு வேண்டியதைத் தந்து வேண்டாததை மறைத்தன. தொழிலைச் சொன்ன பெயர் ஏனைய இரண்டைவிடச் செய்திக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஆயினும் அதுவும் எதிர்த்தரப்பின் வாதத்தைப் பெயருக்குள் வைத்தே பேசுகிறது.

இம்மூன்று பெயரிலும் இடம்பெறாதவர் இந்தியர் பன்னிருவர். அவர்களைச் ‘சென்னை’யோடு சேர்த்து எண்ணுவாரில்லை, அவர்களுக்கெனத் தூதரகம் இல்லை, தமிழ்ச் செய்தியில் அவர்கள் ‘அமெரிக்க ஆயுதக் கப்பலில்’ இருந்தோர். கடலோடும் தொழிலுக்குச் செல்லும் இந்திய மாலுமி பிற நாட்டுக் கொடியின்கீழ்ப் பணிபுரிவது அன்றாடம். ஏறும் கப்பலில் உள்ளவற்றுக்கு எந்நாட்டுத் தாள் இருக்கிறது என்பதைச் சமையற்கட்டிலும் பொறியறையிலும் வேலைபார்ப்பவர் ஆராய்ந்துதான் ஏறவேண்டுமெனில் துறைமுகங்கள் வெறிச்சோடும். தண்டனையில் பணியாளரும் காவலரும் ஒரே ஐந்தாண்டைப் பெற்றனர். ‘வைத்திருத்தல்’ என்னும் சொல் அத்தனை அகலமாக விரிக்கப்பட்டது.

இதழியல் தமிழ் இத்தகைய இடங்களில் நுட்பமாகப் பேசத் தெரியாததன்று. இராமேசுவரத்து மீனவர் பிடிபடும் ஒவ்வொரு முறையும் அது ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி’ என எழுதுகிறது. ‘ஆக’, ‘கூறி’ என்னும் இரு சிறு சொற்கள் குற்றச்சாட்டை இலங்கைக் கடற்படையின் வாயிலேயே வைத்து, எழுதுவோரை அதிலிருந்து விலக்கிக்கொள்கின்றன. 1974, 1976 உடன்பாடுகளால் வரையப்பட்ட கோட்டை வலையும் மீனும் அறியா என்னும் உண்மை அத்தொடருக்குள் மறைந்திருக்கிறது. அதே மன்னார் வளைகுடாவில், மற்றொரு கோட்டின் அருகே, பிறநாட்டுக் கடலோடிகள் பிடிபட்டபோது ‘ஆயுதம் கடத்தியதாகக் கூறி’ என்னும் தொடருக்கு இடமிருந்தது. அது பரவலாகவில்லை. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் என்ரிகா லெக்சி என்னும் இத்தாலியக் கப்பலின் காவல் வீரர் சுட்டதில் மீனவர் இருவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். ஓராண்டும் எட்டுத் திங்களும் கழித்து வந்த கப்பலை நெய்தல் நிலத்து மக்கள் ஐயத்தோடு நோக்கியது இயல்பு. அரசு கடுமையாக நடந்துகொண்டதற்கும் அதுவே பின்னணி. ஆனால் லெக்சியில் இருந்தோர் இத்தாலியக் கடற்படையினர். ஓகியோவில் இருந்தோர் தனியார் ஊழியர். முன்னவர் வழக்கு ஹேக் நகர் நடுவர் மன்றம்வரை சென்று, 2020இல் அங்கு முடிவாகி, 10 கோடி ரூபாய் இழப்பீட்டுக்குப் பின் 2021 ஜூனில் உச்சநீதிமன்றத்தால் முடிக்கப்பட்டது. சுட்டுக் கொன்றவருக்கு ஓர் அரசு பின்னின்றது. ஒரு தோட்டாவும் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்படாதவரோ புழலிலும் பாளையங்கோட்டையிலும் இருந்தனர்.

அக்கரையின் சொல்

வளைகுடாவின் மறுகரையில் இதே பொருள் வேறு பெயர் பெற்றது. காலித் துறைமுகத்தில் அவன்ட் கார்ட் என்னும் நிறுவனம், இலங்கைப் பாதுகாப்பு அமைச்சைச் சார்ந்த ரக்ன லங்கா நிறுவனத்தோடு இணைந்து, ‘மகாநுவர’ என்னும் கப்பலில் காவலரின் துப்பாக்கிகளைப் பேணிவந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அக்கப்பல் சோதனையிடப்பட்டு, ஓர் அரசியல் வழக்கின் மையமாயிற்று. ஆட்சி மாறுமுன் உரிமம் பெற்ற தொழில். மாறியபின் ஐயத்துக்குரிய பொருள். கடல் ஒன்று, கப்பல் ஒன்று, துப்பாக்கிகள் அவையே. ஈழத்துத் தமிழ் இதழ்கள் அதனை ‘மிதக்கும் ஆயுதக் களஞ்சியம்’ என்றன. நீண்ட பெயர்தான், ஆனால் ‘களஞ்சியம்’ என்னும் சொல் ஆயுதத்துக்கும் கப்பலுக்கும் உள்ள உறவைச் சேமிப்பு என வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. வாசகர் உடன்படலாம், மறுக்கலாம், ஊகிக்கவேண்டியதில்லை. தூத்துக்குடிச் செய்திக்கும் அச்சொல் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. தமிழகத்து இதழியலும் ஈழத்து இதழியலும் ஒன்றையொன்று படிப்பது குறைந்துபோனதன் விலைகளுள் இதுவும் ஒன்று எனக் கொள்ள இடமுண்டு.

2015 டிசம்பர் 1 முதல் உயர் இடர்ப் பகுதியின் கிழக்கெல்லை 78 பாகையிலிருந்து 65 பாகைக்குப் பின்வாங்கப்பட்டது. இந்தியாவின் மேற்குக் கரையருகே காவலர் ஏறியிறங்கும் தேவை ஏறத்தாழ நீங்கிற்று. திருப்பூர்க் கன்டெய்னர்களுக்கான இடர்க்கட்டணக் கணக்கும் அதற்கேற்ப மாறியது. ஆறு வாரம் கழித்துத் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுத் தண்டனையை அறிவித்தபோது, அக்கப்பலை அங்கே நிற்கவைத்த கோடு அரபிக்கடலின் நடுவில் இருந்தது.